சந்தை இல்லாத நாளாகப் பாருங்கள் என்று எழுதினேன்

நான் இன்னமும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதும் குணமான பிறகு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். ஆனால் குணம் எந்தத் தேதியில் முடியும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இதற்கிடையில் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, பத்து நாளாகத் தூக்கமில்லை, ஏதேதோ பேசுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வீட்டார் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சில நாட்கள் என் நினைவிலேயே இல்லை. அவற்றை அம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறந்தது அதியமான்கோட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் உள்ள ஒரு கிராமம். என் கணவர் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க். மாமனார், மாமியார் இல்லை. வீட்டை நடத்துவது என் கணவரின் அக்காள் ஆரோக்கியம். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் மிலிட்டரியில் இருந்ததால் அண்ணி எங்களோடுதான் இருந்தார். எனக்கு ஸ்டெல்லா பிறப்பதற்கு நான்கு மாதம் முன்னால் அவருக்கு ஒரு பையன் பிறந்திருந்தான்.

தாய் வீட்டில் பிரசவம் நல்லபடியாக நடந்தது. ஞானஸ்நானம் கொடுப்பதற்காக முப்பதாம் நாள் புகுந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த வாரத்திலேயே எனக்குத் தூக்கம் போயிற்று. குழந்தை அழுததால் அல்ல. அது தூங்கும்போதும் நான் விழித்திருந்து அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். முதல் பிள்ளை, பயப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் என்னவென்று சொல்வது?

ஐந்தாறு நாளில் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற நினைப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வருகிற அதே இன்ஸ்பெக்டர், ஆனால் வீட்டுக்கு, குழந்தையைச் சோதிக்க வருகிறார். குழந்தை அழுக்காக இருந்தால் ரிஜிஸ்டரில் பெயரை அடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். படிக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்று வாசலில் நிற்கிற வேப்பமரம் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. டிசம்பர் மாதக் குளிரில் ஒரே பகலில் குழந்தையை ஐந்து முறை குளிப்பாட்டினேன். ஐந்தாவது முறை தண்ணீரைக் காய வைக்கவும் மறந்து, தொட்டித் தண்ணீரிலேயே குழந்தையை இறக்கிவிட்டேன். அண்ணி ஓடிவந்து என் கையிலிருந்து பிடுங்கினார். ஸ்டெல்லாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. தன் ரவிக்கைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு, "ஐயோ, புள்ளயக் கொன்னுட்டாளே" என்று கத்தினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணி பார்த்தது பார்த்ததுதான். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

காற்றுச் சேட்டை என்றார்கள் சிலர். வேப்பிலை அடிக்க ஆள் வந்தது. பங்குச் சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபம் சொல்லிவிட்டு, வெளியே போய் என் கணவரிடம், "ஜெபம் நான் பாத்துக்கறேன். நீங்க நாளைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றாராம். தருமபுரியில் ஒரு டாக்டர் தூங்குவதற்கு ஊசி போட்டு, பெங்களூரில் மனநோய்க்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் மாவட்டத்தில் அப்போது இதற்கென்று யாரும் இல்லை.

பெங்களூரில் முதல் வாரம் எனக்கு நினைவில்லை. அம்மா கூடவே இருந்தார். அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கலாம். அம்மா ஸ்டவ்வில் கேழ்வரகுக் களி கிண்டினால், பக்கத்துக் கட்டிலில் இருந்த கோலார்க்காரம்மா எட்டிப் பார்த்து, "முத்தேனா?" என்று கேட்பாராம். அவர்கள் பக்கம் களிக்கு முத்தே என்று பேர். இரண்டு பேருக்கும் பாஷை தெரியாது, களி தெரியும். சாரு என்கிற அவர்கள் குழம்பும் இவர்கள் களியுமாகப் பொழுது ஓடியிருக்கிறது.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மல்லிகைப்பூ வாசனை. எனக்குக் கொடுக்கிற மருந்து பாலில் இறங்கும் என்பதால் குழந்தையை ஊரில் அண்ணியிடமே விட்டிருந்தோம். பால் கட்டி, காய்ச்சல் வந்தது. அம்மா வாசலில் மல்லிகைச் சரம் வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் செய்வதுதான். நர்ஸ் பார்த்துவிட்டு, "பூவைத் தலையில அல்லவா வைப்பார்கள்" என்கிற மாதிரி கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுநாள் தானே ஒரு முழம் வாங்கி வந்தாள்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "நோடிம்மா" என்றுதான் தொடங்குவார். பாருங்கள் என்று அர்த்தம். "நோடிம்மா, இது பேயும் இல்ல, உங்க தப்பும் இல்ல. பிரசவம் ஆனதும் உடம்புல நிறைய மாறுது. சில பேருக்கு மூளையும் அதோட சேந்து தடுமாறுது. இல்லாதது இருக்கிற மாதிரி தெரியும். சரியாகும். ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது."

ஷாக் என்கிற மின்சார வைத்தியம் ஆறு முறை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிறு. ஊசி போட்டால் கண் செருகும். விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். வலி கிடையாது, தலைவலி உண்டு. எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு நாள் விழித்துக்கொண்டு, என் குழந்தையின் பெயர் என்னவென்று யோசித்தேன். வரவில்லை. அம்மாவைக் கேட்கவும் வெட்கம். மத்தியானம் வரை படுத்துக்கொண்டே எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அம்மாவே, "ஸ்டெல்லா இப்ப குப்புற விழுந்திருப்பா" என்றார். அன்று முழுக்க அந்தப் பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். இன்ஸ்பெக்டர் போய்விட்டார். குழந்தை குப்புற விழுந்து, தலை நின்று, அண்ணியின் மடியில் இருந்தது. அண்ணி தன் பையனுக்கு ஒரு பக்கமும் ஸ்டெல்லாவுக்கு ஒரு பக்கமும் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணியும் கொடுக்கவில்லை.

"மொதல்ல ஒடம்பத் தேத்திக்கோ."

"நல்லாத்தான் இருக்கறேன் அண்ணி."

"நல்லா இருக்கறவ எதுக்கு மூணு வேளையும் மாத்திர திங்கற? மாசாமாசம் பெங்களூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போகணும்? அது நிக்கட்டும். அன்னிக்கே புள்ளயத் தூக்கிக்க. நான் வேண்டாங்கல."

கணவர் நடுவில் நின்றுகொண்டு, "அக்கா சொல்றதையும் பாக்கணுமில்ல" என்றார். அவர் விடுமுறையெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். பெங்களூர் போய்வர ஒன்றரை நாள். முதல் மாதம் போய்வந்தபோதே ஊரில் எல்லோரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். மறுமாதம் அவரும் கிளம்பச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரைகளைக் குப்பைக் குழியில் கொட்டினேன்.

என்னைப் போன்றவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்தமாக எழுதுகிறேன். நிறுத்திய முதல் வாரம் ரொம்ப நன்றாக இருந்தது. கை நடுக்கம் போயிற்று. நாக்குத் தடிப்பு போயிற்று. அண்ணி குழந்தையை என்னிடம் கொடுத்தார். ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் மறுபடியும் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். இந்த முறை எனக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் நானே குழந்தையைக் கொண்டுபோய் அண்ணி மடியில் போட்டுவிட்டு, "என்னக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றேன். மறுபடி மூன்று வாரம் பெங்களூர்.

டாக்டர் திட்டவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தர்மபுரிப் பக்கத்துலருந்து வர்றவங்கள்ல பாதிப் பேர் ரெண்டாவது மாசம் வர்றதில்ல" என்றார் அவர். "நாங்க என்னவோ மருந்து வேலை செய்யலன்னு நெனச்சிட்டிருந்தோம்."

அப்போதுதான் அவர் அந்தத் திட்டத்தைச் சொன்னார். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவரே ஜீப்பில் வந்து நோயாளிகளைப் பார்ப்பது. நடுவில் மாத்திரை தருவதை அங்குள்ள டாக்டர் பார்த்துக்கொள்வது. பெரிய இடத்தில் பேசி, மூன்று முறை வந்து பார்க்க மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். ஆட்கள் வந்தால் தொடரும். வராவிட்டால் ஜீப் கிடையாது.

"நீங்க டீச்சர். ஊரையும் தெரியும், நோயையும் தெரியும். என்ன நாள் வெச்சா நல்லது, எந்த இடம், யோசிச்சு எழுதி அனுப்புங்க" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு கடிதம் எழுதியதில்லை. அந்த வைத்தியம் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டால் நான் பெங்களூர் போக வேண்டாம். எல்லோரையும் போலப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவளாக ஆகிவிடுவேன். பிறகு அண்ணி குழந்தையைத் தர மறுக்க என்ன இருக்கிறது? நான்கு முறை அடித்தெழுதி, கடைசியில் இன்லண்டு லெட்டரில் இப்படி எழுதினேன்: நாள், சந்தை இல்லாத நாளாகப் பாருங்கள், கூட்டம் இருக்காது, தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம். இடம், முன்பக்கம் வேண்டாம். கட்டடத்துக்குப் பின்னால் தனியாக ஓர் அறை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

அப்படியே ஏற்பாடு செய்தார்கள்.

முதல் நாள் நானும் என் கணவரும் ஒன்பது மணிக்கே போய்விட்டோம். பின்னறையில் ஒரு மேசை, நான்கு பெஞ்சு. பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். பன்னிரண்டு மணிக்கு முனியம்மா என்ற பெண் தன் கணவரோடு வந்தாள். கடலைச் செடி பிடுங்கிக் காய்த்துப்போன கை. கணவர் யாரோ பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். டாக்டர் இரண்டு மணி வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை அதுவும் இல்லை. முனியம்மா மட்டும் தனியாக, மூச்சு வாங்க வந்தாள். டாக்டர் என்னிடம், "உங்க ஊர்ல நோயே இல்ல போலிருக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். இன்னும் ஒரே முறை.

"ஏன் ஒருத்தரும் வர்றதில்ல?" என்று முனியம்மாவைக் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தப் புண்ணியவான் இந்த நாள வெச்சான்? சந்தையில்லாத நாள்ல பொம்பள சீல கட்டிக்கிட்டு பாப்பாரப்பட்டி பஸ்ஸு ஏறினா, எங்கடி போற, எதுக்குடி போறன்னு ஊரே கேக்குது. மொத தடவ சின்னாத்தாளுக்கு நோவுன்னேன். இன்னிக்கி ரேஷன் சீட்டுன்னேன். அடுத்த வாட்டிக்கு எங்கிட்டப் பொய் இல்ல, தீந்துபோச்சு. சந்தைன்னா ஒரு கூடையத் தூக்கினாப் போதும். எவன் கேப்பான்?"

"உங்க வூட்டுக்காரர் ஏன் வரல?"

"இந்த ரூமுக்குள்ள எப்பிடி வருவாரு? இது ஆம்பளைங்களுக்கு கு.க. ஆபரேசன் பண்ற ரூமு. கூப்பிட்டா, 'என்னப் புடிச்சுக் குடுக்கப் பாக்கறியா'ன்னு கொல்லப்பக்கம் ஓடிட்டாரு. புத்தி கெட்டவருக்கே அது தெரியுது. இத யாரு பாத்து வெச்சாங்களோ!"

அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்றாலே எங்கள் பக்கத்து ஆண்கள் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொள்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த அறையைக் கேட்டேன். மற்றவர்கள் எப்படி வருவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. நான் எப்படி ஒளிந்துகொள்வது என்று மட்டும்தான் யோசித்திருக்கிறேன்.

டாக்டர் ஜீப்பில் ஏறப் போனபோது பின்னால் ஓடினேன். "சார், நாள் தப்பு. அறையும் தப்பு. ரெண்டும் நான் எழுதினது" என்றேன். முனியம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, நிலையத்து டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வயதானவர், உள்ளூர்க்காரர்.

"சந்தை நாளா? அன்னிக்கி எனக்கு உக்கார எடம் கெடையாதுங்க" என்றார் அவர். "வெட்டுக்காயம், தேள்கடி, வாந்திபேதி, எல்லாரும் மூட்டையோட வந்து நிப்பாங்க. தனி வரிசைக்கு எங்க போறது?"

"தனி வரிசை வேண்டாங்க சார்" என்றேன். "ஒரே வரிசை. ஒரே சீட்டு. காய்ச்சல் மாத்திரை குடுக்கற அதே ஜன்னல், அதே பொட்டலம். யாரு எதுக்கு வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. பேர் எழுத ஆள் இல்லைன்னா நான் உக்காந்து எழுதறேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சந்தை நாளில், முன் வாசலில், மேசை போட்டு உட்கார்ந்தால் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மா அத்தனை பேரும் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏன் சொன்னேன் என்று என்னையே நொந்துகொண்டேன். கணவர், "சொன்னது சொல்லியாச்சு. நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசியதில் அதுதான் பெரிய பேச்சு.

மூன்றாவது முறை சந்தை நாள். சொன்னபடி கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்க வேண்டும். சத்தமாகச் சொல்லாதவர்களிடம் மேலே கேட்கக் கூடாது. அந்தச் சீட்டில் ஒரு கோடு போட்டால் போதும், அது பெங்களூர் டாக்டர் மேசைக்குப் போகும் என்று பேசி வைத்திருந்தோம். கத்தரிக்காய்க் கூடையோடு ஒருவர். இரண்டு கோழியைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒரு பெரியவர். பின்னால் தலையைக் குனிந்தபடி அவர் மகள். "தலைவலிங்க" என்று சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்து, "ஆறு மாசமாத் தூங்கலீங்க" என்றார் ஒரு போஸ்ட்மேன். முனியம்மா கணவர் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். பதினோரு மணிக்குப் பென்சிலைச் சீவ வேண்டியிருந்தது.

தலை நிமிர்ந்தபோது முன்னால் அண்ணி நின்றிருந்தார். இடுப்பில் ஸ்டெல்லா. தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். சந்தைக்கு வந்தவர், குழந்தைக்குச் சளி என்று வரிசையில் நின்றிருக்கிறார். நான் அங்கே எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"பேரு?" என்று கேட்டுவிட்டேன், பழக்கத்தில்.

"ம்... உம் மக பேரு உனக்குத் தெரியாதா?" என்றார்.

எழுதினேன். அண்ணி உள்ளே போனார். நிலையத்து டாக்டர் சளிக்கு மருந்து எழுதினார். அண்ணி வெளியே வரவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெங்களூர் டாக்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்குக் கேட்கிற தூரம்தான்.

"நீங்கதான் எந் தம்பி பொண்டாட்டிக்கு மாத்திர குடுக்கறவரா? அவ இந்தப் புள்ளயத் தண்ணில முக்கினதக் கண்ணால பாத்தவ நானு. சொல்லுங்க. நான் எப்பிடி நம்பறது?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். நான் அடுத்த சீட்டில் எதையோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

"நம்ப வேண்டாம்மா" என்றார் டாக்டர். "பாத்துக்குங்க. நோடிம்மா, இது திடீர்னு வராது. மொதல்ல தூக்கம் போகும். ரெண்டு ராத்திரி அவங்க தூங்கலைன்னா மூணாம் நாள் கூட்டிட்டு வாங்க."

"எங்க, பெங்களூருக்கா?"

"இங்கதான். இந்த டாக்டர்கிட்ட. மாத்திரையக் கூட்டிக் குடுப்பாரு."

அண்ணி ஸ்டெல்லாவை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார். பிறகு, "இங்கயேன்னா சரி" என்றார். "தூங்கறாளா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். மாத்திர நிறுத்தச் சொன்னது நாந்தான். அதையும் எழுதிக்குங்க."

கோடு போட்ட சீட்டுகளை எண்ணிப் பார்த்த டாக்டர், இனி ஜீப் வரும் என்றார். சாயங்காலம் நான்கு மணி பஸ். சந்தைக் கூட்டம். என் கணவர் பின்னால் எங்கோ மாட்டிக்கொண்டார். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அண்ணி ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டெல்லாவைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

குழந்தை உடனே அழ ஆரம்பித்தது. என்னைப் பார்த்து அழுதது. பிறகு இரண்டு கையையும் அண்ணி பக்கம் நீட்டி அழுதது. முன் சீட்டுக்காரர் திரும்பி, "பசிக்குது போலிருக்கு, அம்மாகிட்டக் குடுங்க" என்றார்.

"அம்மாகிட்டதான் இருக்கறா" என்றார் அண்ணி.

பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். நான் இறுக்கமாகப் பிடித்திருக்கிறேனோ, தளர்வாகப் பிடித்திருக்கிறேனோ என்று பயந்துகொண்டே பிடித்திருந்தேன். ஸ்டெல்லா ஊர் வரும் வரை அழுதாள். நான் அவளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.